தொட்டதற்கு ஊதாத விசில்

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ட்ரங்குப் பெட்டி செய்து விற்றுவந்த ஷரஃபுதீன், யுத்த காலத்தில் தெருக் காவல் தொண்டராகச் சேர்ந்தார். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதிப் பட்டணம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய நேரம். விளக்கை அணைக்கச் சொல்லி ஊத, சொந்தக் காசில் ஒரு பித்தளை விசில் வாங்கினார். யுத்தம் முடிந்தது. விசில் மகள் அஸ்மத்துன்னிசாவின் கழுத்துக்கு வந்தது.

அவள் பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். படிக்கிற நாளில் நெட்பால் ஆடியவள். லஸ் பக்கத்து மைதானத்தில் ஞாயிறுதோறும் நடந்த பெண்கள் நெட்பால் போட்டிக்கு நடுவராக இருந்தவர் ஒரு ஆண். "வயசுப் பொண்கள் ஆடற எடத்துல ஆம்பளைக்கு என்ன வேலை?" என்று தாய்மார்கள் முணுமுணுத்ததால், போட்டிக் குழு அவளைக் கூப்பிட்டது.

"விசிலடிக்கிற பொண்ணை எவன்டி கட்டுவான்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் தாய் அமீனா பீ.

"விசிலுக்குப் பயப்படாதவன் வரட்டும்மா."

முதல் ஆட்டத்தில் பந்தைப் பார்த்தபடி ஓரமாக ஓடிய அஸ்மத்துன்னிசா புடவை தடுக்கிக் கோட்டுக்கு வெளியே விழுந்தாள். மைதானமே சிரித்தது. எழுந்து, உதட்டு மண்ணைத் துடைத்து, ஊத வேண்டியதை ஊதினாள். அடுத்த வாரம் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, கான்வாஸ் ஷூவோடு வந்தாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நெட்பால் எளிய ஆட்டம். கம்பத்தின் உச்சியில் இரும்பு வளையம். அதற்குள் பந்தைப் போட வேண்டும். பந்தைப் பிடித்தவள் ஓடக் கூடாது. எதிராளியை இடித்து ஆட்டத்தைக் கெடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் மயிலாப்பூர்த் தாய்மார்களுக்கு ரொம்பப் பிடித்தது. "ஒருத்தரை ஒருத்தர் தொடப்படாத ஆட்டமாம்டி!" கோயில் வாசலிலும் குளத்துப் படியிலும் செல்லுபடியான 'தள்ளி நில்' என்ற சட்டத்தை, கொண்டுவந்து இரும்பு வளையத்திலும் மாட்டிவிட்டார்கள்.

அஸ்மத்துன்னிசாவும் விரல் பட்டால் ஊதினாள். "அந்தத் துலுக்கப் பொண்ணு படுகண்டிப்பு" என்று பெயர் வாங்கினாள். இடைவேளையில் அவளுக்கு மட்டும் தண்ணீரைத் தனி டம்ளரில், எட்டத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். நடுவருக்குச் செய்கிற மரியாதை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு வருஷம் பட்டினப்பாக்கத்து மீனவப் பெண்கள் ஓர் அணியாக வந்தார்கள். அவர்களில் கெட்டிக்காரி வேலம்மா. மாட வீதி அணியோடு ஆட்டம். பந்துக்காக இருவர் தாவியபோது வேலம்மாவின் கை, கனகவல்லி என்ற பெண்ணின் விரலில் பட்டது. நெருப்பைத் தொட்டவள்போல் கனகவல்லி பந்தை விட்டாள். "தொட்டுட்டா!" என்று ஓரத்தில் கூச்சல். அஸ்மத்துன்னிசா ஊதினாள். அந்த ஒரு விசிலில் பந்து மாட வீதிக்குப் போய், பட்டினப்பாக்கம் தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் வேலம்மா நேரே வந்தாள். "இன்னா டீச்சரம்மா, நான் இட்சனா? அந்தப் பொண்ணுதான் கைய இஸ்துக்கிச்சு. இட்சதுக்கு ஊதினியா, தொட்டதுக்கு ஊதினியா?"

அஸ்மத்துன்னிசா திரும்பினாள். அவள் கண் போய் நின்ற இடம், பெஞ்சுக் கோடியில் தனியாக இருந்த டம்ளர்.

அந்த வருஷம் முழுக்க அவள் மறுபடி மாணவியானாள். பள்ளிப் பிள்ளைகளைத் தாவச் சொல்லி, பந்தை மறந்து கால்களைப் பார்த்தாள். யார் யாருடைய இடத்துக்குள் புகுந்தார்கள் என்பதைக் கால்தான் சொல்லும். கை பட்டால் குற்றமில்லை. பட்டதால் ஆட்டம் கெட்டதா என்பதே கேள்வி. விதி முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தது. ஊரின் கண்ணால் அதைப் படித்ததுதான் தன் தவறு என்று அவளுக்குப் புரிந்தது. தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோக ஆரம்பித்தாள்.

மறுவருஷம் இறுதி ஆட்டத்தில் அதே இரண்டு அணிகள். தொடங்குமுன் போட்டிக் குழுச் செயலாளர் வக்கீல் பத்ரிநாராயணன் அவளைத் தனியே அழைத்தார்.

"பெரியவா ஆத்துலேர்ந்தெல்லாம் சொல்லிண்டிருக்கா. போன வருஷம் மாதிரியே தொட்டா ஊதிடுங்கோ. இல்லேன்னா அடுத்த வருஷம் உங்களைக் கூப்பிடறது சிரமம்."

பள்ளியில் அவள் வெறும் டிரில் டீச்சர். இந்தக் கோட்டருகே மட்டும்தான் அவள் சொல் சட்டம். அதை இழந்தால் அவளுக்கு வேறு மைதானம் இல்லை.

"இடிச்சா ஊதுவேன் சார்" என்றாள்.

ஆட்டம் முடிகிற நேரம். இரு அணிகளும் சமம். பந்து உயர்ந்தது. வேலம்மாவும் கனகவல்லியும் தாவினார்கள். அஸ்மத்துன்னிசா கால்களைப் பார்த்தாள். நான்கு காலும் அவரவர் இடத்தில்தான் எழும்பின. மேலே விரலோடு விரல் பட்டது. கனகவல்லி கையை இழுத்துக்கொண்டாள். பந்து வேலம்மாவிடம்.

"தொட்டுட்டா! ஊதுங்கோ! ஊதுங்கோ!"

விசில் பல்லுக்கு நடுவே இருந்தது. ஊதுவது எவ்வளவு சுலபம்! அவள் மூக்கால் மூச்சுவிட்டாள். வேலம்மா வீசினாள், பந்து வளையத்துக்குள் விழுந்தது.

பத்ரிநாராயணன் முகம் சிவக்க வந்து கையை நீட்டினார். "போதும்மா. விசிலைக் குடுத்துட்டுப் போங்கோ."

"இது உங்க விசில் இல்ல சார். எங்கப்பாவுது."

ஓரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கனகவல்லி மட்டும் சிரிக்காமல் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வருஷம் சொன்னபடியே அவளைக் கூப்பிடவில்லை. பட்டினப்பாக்கத்து அணியையும் சேர்க்கவில்லை. பெரிய மனிதர்கள் இந்த மாதிரி வாக்கை மட்டும் தவறாமல் காப்பாற்றுவார்கள்.

வேலம்மா கச்சேரி ரோட்டுக்கே வந்துவிட்டாள். "அவுங்க வளையம் இல்லாங்காட்டி இன்னா? வா டீச்சரம்மா!" வலை காயப்போடும் கம்பத்தின் உச்சியில் பீப்பாய் வளையத்தை ஆணியடித்திருந்தார்கள். பந்தைத் தரையில் தட்டத் தேவையில்லாத ஆட்டத்துக்குக் கடற்கரை மணல் போதும். ஞாயிறு மாலைகளில் அங்கே விசில் கேட்டது. மீன் கூடையோடு போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஒரு ஞாயிறு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கனகவல்லி மணலில் நடந்து வந்தாள். "ஆத்துல சொல்லலை டீச்சர். எதிர் அணியில ஆடலாமோ?"

அன்று முதல் பந்துக்கே வேலம்மா தோளால் அவளைத் தள்ளிக்கொண்டு போய்ப் பிடித்தாள். விசில் கடலுக்குக் கேட்கும்படி ஒலித்தது.

"இன்னா டீச்சரம்மா, எனக்கே ஊதுறியே! எங்க மண்ணுல நின்னுக்கினு!"

"இடிச்சே. பந்தைக் கொடு."

வேலம்மா பல் தெரியச் சிரித்தபடி போய், பந்தைக் கனகவல்லியின் கையிலேயே வைத்தாள். இந்தத் தடவை கனகவல்லி கையை இழுக்கவில்லை.