மல்லாட்டைத் தோலில் செய்த கரி

"ஏம்மா, மல்லாட்டத் தோல கொளுத்துறதுக்கு டாக்டர் பட்டம் கேக்குறியா?" என்று என் பேராசிரியர் சிரித்தார். அறையில் இருந்த அவருடைய மாணவர்களும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அப்போது விருத்தாசலத்தில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பகுதிநேர ஆராய்ச்சி மாணவி வேறு. சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து, வெளியூரில் இருந்த அவருடைய ஆய்வகத்துக்குப் போவேன். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பதுதான் என் ஆராய்ச்சி. தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ச்சினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிந்து குமிழியாக வரும். அதற்கு மின்சாரம் நிறையச் செலவாகும். மின்முனையில் பிளாட்டினம் மாதிரி ஒரு வினையூக்கியைப் பூசினால் குறைந்த வோல்ட்டிலேயே வேலை நடக்கும். பிளாட்டினத்துக்கு நான் எங்கே போவேன்? அதற்குப் பதிலாக மல்லாட்டைத் தோலைக் கரியாக்கி, அதில் நிக்கலை ஏற்றிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். எங்கள் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் மங்களூர்ப் பக்கத்தில் அப்பாவின் நிலத்துக்கு உடைக்கிற மிஷின் வந்து போனால் தோல் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். தீ வைத்துக் கொளுத்துவதைத் தவிர அதற்கு வேறு உபயோகம் இல்லை.

ஆய்வக உலையை முழுநேர மாணவர்களுக்குத்தான் தருவேன் என்று சொல்லிவிட்டார் பேராசிரியர். நான் எங்கள் ஊர் செராமிக் தொழிற்பேட்டைக்குப் போனேன். பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் சுடுகிற ஒரு பட்டறையின் முதலாளி, "ஓரமா வெச்சிக்குங்க டீச்சர்" என்று சூளையில் கொஞ்சம் இடம் கொடுத்தார்.

தோலை யூரியாவும் நிக்கல் உப்பும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து, மூடி போட்ட சுட்டமண் பெட்டிக்குள் அடைத்து வைத்தேன். சூளை ஆறித் திறந்தால் பெட்டியில் வெறும் சாம்பல். இரண்டாம் முறையும் சாம்பல்தான்.

பொம்மைகளை மெருகுக் கரைசலில் முக்கி எடுக்கும் வேலையில் ஓர் அக்கா இருந்தார். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வருகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் சாம்பலை எட்டிப் பார்த்தார்.

"காத்து பூந்துருக்குது டீச்சர். பெட்டிக்குள்ள ஒரு சின்னப் பெட்டி வையிங்க. நடுவுல கரித்தூள கொட்டுங்க. உள்ள வர்ற காத்த அந்தக் கரி தின்னுடும், உங்க தோலுக்கு எட்டாது."

"மூடிய களிமண்ணுல அடைச்சிடலாமாக்கா?"

"வெறும் களிமண்ணு வெடிச்சிடும். ஒடஞ்ச பொம்மைய இடிச்சிக் கலந்துக்கணும். மெருகு போட்டுச் சுடுற ரெண்டாஞ் சூட்டுல வெக்காதீங்க, அந்த வேக்காட்ட தோலு தாங்காது. மொத சூட்டுல, கீழ் வரிசையில வையிங்க."

"உங்களுக்கு எப்படிக்கா இதெல்லாம் தெரியும்? நீங்க சூளை போடுவீங்களா?"

"சூளைக்குத் தீ வெக்கிறது ஆம்பளைங்க வேலைன்னுட்டாங்க. பாக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே."

மூன்றாம் முறை பெட்டியைத் திறந்தபோது தோல்கள் உருக்குலையாமல், கன்னங்கரேலென்று மினுமினுத்தன. அரைத்து, நிக்கல் வலையில் பூசி, பள்ளி ஆய்வகத்தில் காரக் கரைசலுக்குள் இறக்கினேன். வெறும் வலையில் குமிழ் கிளம்புகிற வோல்ட்டுக்கு வெகு முன்னாலேயே பொலபொலவென்று குமிழ் வந்தது. மீட்டர் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். வேறு மீட்டர் வைத்தும் அப்படியே வந்தது. மறுநாளும் வந்தது.

இந்தத் தடவை பேராசிரியர் சிரிக்கவில்லை. "நோட்ட வெச்சிட்டுப் போம்மா, படிச்சிட்டுத் தரேன்" என்றார். வைத்துவிட்டு வந்தேன். அந்த முட்டாள்தனத்துக்கு இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு கருத்தரங்கு. அவருடைய முழுநேர மாணவன் மேடையேறினான். திரையில் என் வரைபடங்கள், நான் எடுத்த புகைப்படம், அதன் ஓரத்தில் எங்கள் பள்ளி மேசையின் உடைந்த டைல்ஸ். முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள், அவனுடையதும் பேராசிரியருடையதும். என் பெயர் இல்லை. கேள்வி நேரம் வந்ததும் முதல் ஆளாக எழுந்தேன்.

"கரிய எங்க சுட்டீங்க?"

"லேப் ஃபர்னஸ்லதான் மேடம்."

"காத்து உள்ள போவாம எப்படி மூடுனீங்க?"

அவன் பேராசிரியரைப் பார்த்தான். "களிமண் வெச்சி அடைச்சோம்."

"வெறும் களிமண்ணா?"

"ஆமா மேடம்."

"வெடிச்சிடுமே. நீங்க ஒரு தடவகூட செஞ்சி பாக்கலியா? அது என் நோட்டு. அந்தப் படத்துல தெரியிறது எங்க ஸ்கூல் மேசை."

அமைப்பாளர் மைக்கைப் பிடித்து, டீ இடைவேளையில் பேசிக்கொள்ளலாம் என்றார். இடைவேளையில் பேராசிரியர் வடையைக் கடித்துக்கொண்டே வந்தார்.

"நீ பார்ட் டைமு. உனக்கு வேல இருக்குது, குடும்பம் இருக்குது. அவன் இனிமேதான் வேல தேடணும். அடுத்த பேப்பர்ல உன் பேர போட்டுடலாம், விடு."

"அப்போ உங்க பேரு எதுக்கு சார் அதுல இருக்குது? நீங்களும் வேல தேடுறீங்களா?"

அவர் முகம் கறுத்தது. அதற்குப் பிறகு வெகுநாள் அவர் என்னோடு பேசவில்லை.

பல்கலைக்கழகத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். மூன்று பேர் கொண்ட குழு கூப்பிட்டு ஆதாரம் கேட்டது. நோட்டு அவரிடம் இருக்கிறது என்றேன். அப்படி எதுவும் வாங்கவில்லை என்று அவர் சொன்னதாகச் சொன்னார்கள். பள்ளி மேசை தெரிகிற படத்தைக் காட்டினேன்; அந்த மாதிரி மேசை எங்கேயும் இருக்கும் என்றார்கள். பெரியவர்கள் இருக்கும் சபையில் மரியாதையில்லாமல் பேசியதற்கு நான் மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் பிரச்சினை முடிந்துவிடும் என்றார்கள். வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தியும் வைத்தார்கள். அந்தத் தாளை நாலாகக் கிழித்து அவர்கள் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஊருக்கு வந்ததும் நேராகப் பட்டறைக்குத்தான் போனேன். நடந்ததையெல்லாம் கொட்டினேன். அக்கா பொம்மைகளை முக்கி முக்கிப் பலகையில் வைத்தபடியே கேட்டார்.

"அவ்ளோத்தயும் நீங்க செஞ்சி, உங்க பேர எடுத்துட்டாங்க."

"ஆமாக்கா."

"அந்த நோட்டுல எம்பேரு இருந்துச்சா டீச்சர்?"

அவர் பெயர் அதில் இல்லை. உள்ளூர்ச் சூளை ஒன்றில் சுடப்பட்டது, களிமண்ணால் அடைக்கப்பட்டது. ஆங்கிலத்தில் இரண்டு வரி, அவ்வளவுதான் எழுதியிருந்தேன். இடித்த பொம்மைத் தூளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதனால்தான் மேடையில் அவனுக்கும் அது தெரியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு அக்கா மேல்தான் கோபம் வந்தது. அடிபட்டு வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று வீடு போய்ச் சேரும்வரை மனசுக்குள் அவரோடு சண்டை போட்டேன். அந்தக் கோபம் என் மேல் திரும்ப ஒரு வாரம் ஆயிற்று. திரும்பியபின் தூக்கமில்லை.

வேறு பல்கலைக்கழகம், வேறு வழிகாட்டி என்று மாறினேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். அக்காவும் கூட இருந்தார். கட்டுரை எழுதியபோது என் பெயருக்கு அடுத்து அவர் பெயரைப் போட்டேன். புது வழிகாட்டி அம்மாவே தயங்கினார். இதழிலிருந்து அக்காவின் பதவி என்ன, நிறுவனம் எது என்று கேட்டார்கள். மெருகு முக்கும் தொழிலாளி என்று எழுதி, பட்டறை முகவரியைக் கொடுத்தேன். மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் அதையே எழுதினேன்.

அச்சாகி வந்ததைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு அந்தத் தாளை வாங்கிக்கொண்டு முதலாளியிடம் போனார். "ஒரு தடவ நான் சூளை போட்டுப் பாக்குறேங்க" என்றார்.

"பேப்பர்ல பேரு வந்தா சூளைய தூக்கிக் குடுத்துடுவாங்களா?" என்று முதலாளி சிரித்தார்.

அக்கா அந்த வாரமே நின்றுவிட்டார். பேட்டையின் மறுகோடியில் வேறொரு பட்டறையில் சேர்ந்தார். அங்கேயும் முக்கி எடுக்கிற வேலைதான் கொடுத்தார்கள்.

பட்டம் வாங்கிய பிறகு ஒருநாள் விருத்தாசலம் ஜங்ஷனில் அந்தப் பேராசிரியரைப் பார்த்தேன். ஒன்றுமே நடக்காததுபோல, "முடிச்சிட்டியாமே, சந்தோஷம்மா" என்றபடி என் பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது கரும்புச் சக்கையில் ஆராய்ச்சி நடக்கிறதாம், பெண்ணாடம் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக வருகிறதாம்.

"யாரு சார் செய்யிறாங்க?"

"ஒரு பொண்ணு. நல்லா உழைக்குது."

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பெயரையும் துறையையும் கேட்டுக்கொண்டேன். மறுநாளே அவளுக்குக் கடிதம் போட்டேன். நோட்டை யாரிடமும் கொடுக்காதே, ஒவ்வொரு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வை, உனக்கு உதவுகிறவர்கள் பெயரை அன்றன்றைக்கே எழுது என்று. பதில் வரவில்லை. கடிதம் அவள் கைக்குப் போனதா என்றுகூட எனக்குத் தெரியாது.