உடன்பிறந்தோர் என்று ஒரு வரி

அச்சுத் தொழிலில் மை தீர்ந்தால் வாங்கிவிடலாம், மெஷின் நின்றால் மெக்கானிக் வந்துவிடுவார். அச்சுக்கு முந்தின மாதிரித் தாளை, புரூஃபை, வாங்கி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாத ஆளை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் முதலில் உங்களிடம்தான் பேசுகிறேன். உங்கள் பேரைச் சொல்ல மாட்டேன், ஆபீஸையும் சொல்ல மாட்டேன். என் புரூஃப் உங்கள் மேசைமேல் பத்து மாதமாய்க் கிடக்கிறது. அதன்மேல் டீ கிளாஸ் வைத்த வட்டம்கூட விழுந்துவிட்டது, நானே வந்து பார்த்தேன். மொத்தமே ஒரு பக்கம். அதில் முக்கியமாக ஒரு வரிக்குத்தான் நீங்கள் சம்மதம் சொல்ல வேண்டும். அதைப் படிக்க உங்களுக்கு நேரமில்லை. நீங்கள் படிக்காத ஒவ்வொரு நாளும் எங்கேயோ ஒரு அக்காளும் தங்கச்சியும் வேறு வேறு வண்டியில் ஏற்றப்படுகிறார்கள். குற்றம் சாட்டுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்கள் நம்ம ஆட்கள். ஏதோ ஒரு ஆபீஸ் பெஞ்சில், 'சார் சாப்பிடப் போயிருக்கார்' என்ற பதிலோடு மூன்று மணிவரை உட்கார்ந்திருப்பீர்கள். உங்களிடம் விவரமாகச் சொல்கிறேன்.

திருத்தங்கலில் எனக்குச் சின்னதாக ஒரு பிரஸ். எட்டாவதோடு நின்று பைண்டிங்கில் தாள் மடிக்கப் போனவள் நான். பேரம் பேசிப் பேசியே மெஷின் வாங்கினேன். பட்டாசு லேபிள், காலண்டர் அட்டை, ஆபீஸ் படிவம் எல்லாம் அடிப்போம். வீட்டுக்காரர்தான் மெஷின் ஓட்டுகிறவர். ஒரே மகன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான். அந்தச் சமயத்தில்தான் எனக்கு இந்த இரண்டாவது தொழில் வந்து சேர்ந்தது, பிள்ளை வளர்க்கிற தொழில். இதில் லீவும் கிடையாது, போனஸும் கிடையாது.

கோபத்துக்கு ஒரு கேள்வி

ஒரு நோட்டீஸ் அடிக்க வந்தது. எந்தப் புரூஃபையும் நான் வாய்விட்டுப் படிப்பேன். 'வளர்ப்புப் பராமரிப்பு. இது தத்து அல்ல. பெற்றோர் பராமரிப்பில்லாத ஒரு குழந்தையை, சொந்த ஏற்பாடு ஆகும்வரை, உங்கள் வீட்டில் வைத்து வளர்ப்பது.' இரண்டு தடவை படித்தேன். வீட்டுக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, "எழுதிப் போடேன்" என்றார். போட்டேன்.

வீட்டைப் பார்க்க ஒரு அதிகாரி வந்தார். ஜன்னல் எத்தனை, கக்கூஸ் எங்கே, தண்ணி எந்த நாள் வரும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். கடைசிக் கேள்வி: "வீட்டில் யாருக்காவது கோபம் அதிகமா?" அந்த நேரம் பார்த்துத்தானா தாள் லோடு வர வேண்டும்? வெளியே தூறல். டிரைவர் தார்ப்பாயைக் கட்டாமல் கொண்டுவந்திருந்தான். நான் வாசலுக்குப் போய் ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தேன். தெருவே எட்டிப் பார்த்தது. அதிகாரி பேனாவை மூடாமல் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் வருஷத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிற மனுஷர். அதில் மூன்றை அன்றைக்குச் செலவழித்தார்:

"கோவம் வரும் சார். தாளு நனைஞ்சா வரும். மனுசன் நனைஞ்சா குடையக் குடுத்துருவா."

காலி இடம்

எங்களிடம் வளர வந்தவளைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளின் நிஜப் பேரை எழுதக் கூடாது என்பது சட்டம், நல்ல சட்டம். பத்து வயசு. அச்சங்குளம் பக்கம் பட்டாசு வேலைக்குப் போன குடும்பம். அம்மா சீக்கில் இறந்துவிட்டாள். அப்பா திருப்பூருக்குப் போகிறேன் என்று போனவர்தான். கையில் ஒரே ஒரு துணிப்பை. பைண்டிங் பெண்கள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் 'ஓனரம்மா' என்றே கூப்பிட்டாள். இரண்டு வாரத்தில் அந்த ஒரு வார்த்தையைத் தவிர அதிகம் பேசவில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டில் ஒட்டுகிற பேர் லேபிள் அடிப்போம். அவளுக்கும் ஒரு தாள் போட்டேன். செல்வி, 5-ஆம் வகுப்பு. இருபது லேபிள் போதும் என்று கணக்குப் பண்ணி, தாளின் மேல்பாதியில் மட்டும் வைத்திருந்தேன். அவள் ஈரம் காயாத தாளைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். "என்ன பிள்ளை, எழுத்து தப்பா?" என்றேன். இடம் வீணாவது எனக்கு ஆகாது என்று இரண்டே வாரத்தில் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள் பாருங்கள்:

"ஓனரம்மா, கீழ பாதித் தாளு சும்மாதான கெடக்கு. தங்கச்சி பேரையும் போட்ருவோமா? காளீஸ்வரி. அவ இந்த வருசம் ஒண்ணாப்பு."

உறவுமுறை

அடித்தேன். ஆனால் தங்கச்சி என்று ஒருத்தி இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். பிள்ளையை அனுப்பிய ஆபீஸுக்குப் போன் போட்டால், "ஃபைலில் தங்கை இல்லை" என்று பதில் வந்தது. ஃபைலில் இல்லாத தங்கை ஊரில் எங்கே இருப்பாள்?

இதற்கு நடுவில் செல்வியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன். கிளார்க் தம்பி, "நீங்க பிள்ளைக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். வளர்ப்புப் பராமரிப்பு ஆர்டரின் நகலைக் காட்டினேன். தத்து இல்லை, சொந்தம் இல்லை என்று அரை மணி நேரம் விளக்கினேன். அவர் சலித்துப்போய்ச் செல்வியிடம், "நீ இவுகள என்னன்னு கூப்பிடுவ?" என்றார். அவள் சொன்னாள். வீட்டுக்கு வந்து ரசீதைப் பார்க்கிறேன். உறவுமுறை: உரிமையாளர்.

மறுநாள் காலையில் நான் அங்கே பேசியதை இங்கே அச்சடிக்க முடியாது. தம்பி வெள்ளை மையைத் தடவி அழித்துவிட்டு, பேனாவோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்:

"கோவப்படாதீகக்கா. அப்பா, அம்மா, கார்டியன்னு மூணுதான் போட்டுருக்கு. நாலாவதா நீங்க வந்து நின்னா நா எங்கன எழுத?"

நாலாவது சார்

தங்கச்சியைத் தேடி ஆபீஸுக்கு அலைந்ததில் ஒரு வருஷம் ஓடியது. மாதா மாதம் ஒருவர் வந்து செல்வியைப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஒருவர் வருவார், நாலு மாதத்தில் மாற்றல் ஆகிவிடும், அடுத்தவர் வருவார். வருகிற ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்குவார்: "அம்மா எப்படிம்மா இறந்தாங்க? அப்பா எப்பப் போனாரு?" அன்றைக்குச் சாயங்காலம் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது. விசாரித்துவிட்டுப் போகிறவருக்கு இது தெரியாது.

நாலாவதாக வந்தவர் இளவயசு. அவரும் நோட்டைத் திறந்து, "அம்மா எப்படிம்மா..." என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி முந்திக்கொண்டாள். பிரஸ் வீட்டுப் பிள்ளை, மை எல்லாம் கவனித்திருக்கிறாள்:

"மூணு சார்ட்டயும் சொல்லிட்டேன் சார். மொத சார் ஊதா மையில எழுதுனாரு, அதப் பாத்துக்கோங்க. எந்தங்கச்சி எங்க இருக்கான்னு மட்டும் நீங்க சொல்லுங்க."

யார் எடுத்தது

அந்தச் சார் நோட்டை மூடினார். நல்லவர். ஒரு வாரத்தில் கண்டுபிடித்து என்னை வரச் சொன்னார். ஒரே நாள், ஒரே நேரம், ஒரே ஜீப்பில் வந்த இரண்டு பிள்ளைகள். ஆளுக்கொரு சேர்க்கைப் படிவம், ஆளுக்கொரு ஃபைல். ஆறு வயசுக்கு மேலே இருப்பவள் ஒரு இல்லத்துக்கு, கீழே இருப்பவள் இரண்டு பஸ் மாறிப் போகிற ஊரில் வேறொரு இல்லத்துக்கு. இவளுக்கு அவள் இருக்கிறாள் என்று எந்தத் தாளிலும் இல்லை. "படிவத்துல கேக்கவே இல்லம்மா. கேக்காதத யாரு எழுதுவா?" என்றார். எனக்குத் தலைக்கு ஏறியது. கூடப்பிறந்தவர் உண்டா என்று ஒரு வரி கேட்கத் தெரியாதவன் எவன், ஆள் தெரிந்தால் செருப்பைக் கழற்றுவேன் என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அவர் படிவத்தின் அடியைக் காட்டினார். எறும்பு சைஸில் அச்சகத்தின் பேர். எங்கள் பேர்.

பிரஸ்ஸுக்கு வந்து அடித்த வேலைகளின் புரூஃபைப் போட்டு வைக்கிற பழைய ஜாப் கவர்களைப் பரணிலிருந்து இறக்கினேன். ஆறு வருஷத்துக்கு முந்தைய புரூஃப். முதலில் அது இரண்டு பக்கப் படிவம். பின்பக்கமும் அடித்தால் செலவு கட்டாது என்று ஆபீஸிலிருந்து வந்தவர் தயங்க, நான் ஒரே பக்கத்தில் அடக்கித் தருகிறேன் என்று ஆர்டரைப் பிடித்திருக்கிறேன். சிவப்பு மையில் இரண்டு வரிக்குக் கோடு. ஒன்று, 'பிடித்த உணவு'. இன்னொன்று, 'உடன்பிறந்தோர் விவரம்'. ஓரத்தில், 'இது ரெண்டும் தேவையில்லை, ஒரு பக்கம் போதும்.' ஆபீஸில் நடந்ததெல்லாம் போனிலேயே பிரஸ்ஸுக்கு வந்து சேர்ந்திருந்தது. கம்ப்யூட்டரில் எழுத்துக் கோர்க்கும் மாரீஸ்வரி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்:

"ஆளு தெரிஞ்சா செருப்பக் கழட்டுவேன்னு சொன்னீகளாம்ல. அக்கா, இது ஒங்க கையெழுத்துல்ல?"

வாசல்வரை

அதற்கப்புறம் நான் பேரம் பேசியது மாதிரி வாழ்க்கையில் பேசியதில்லை. நாலாவது சாரிடம்தான். மாதம் ஒரு மணி நேரம், இல்லத்து வரவேற்பறையில் தங்கச்சியைப் பார்க்கலாம் என்றார். வாரா வாரம் ஞாயிறு முழு நாள் என்றேன். விதி என்றார். இரண்டும் கூடப்பிறந்தவை என்று காட்ட நான் பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு, பழைய பள்ளிக்கூடத்துச் சீட்டு என்று ஒவ்வொன்றாக மேசையில் போட்டேன். ஒன்றில் அப்பா பேர் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. அதைச் சரிபண்ணவே மூன்று மாதம் போனது.

பேரத்தில் ஒரு கட்டம் வரும், உங்களுக்கும் தெரியும். ஆகாது என்று எழுந்து வாசல்வரை போக வேண்டும், எதிராளி கூப்பிடுவான். எழுந்தேன். வாசல்வரை போனேன். அவர் கூப்பிடவில்லை. செல்வி பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளை எடுத்தார்:

"ஏம்மா, பிள்ளையக் கேக்கீகளா, காலண்டர் ஆர்டர் கேக்கீகளா? மாசம் ரெண்டு ஞாயிறு, முழு நாள். பொங்க லீவு ஒங்க வீட்ல. ரெண்டு பேரையும் சேத்து வைக்க நானே எழுதுறேன். இதுக்கு மேல ஒரு வார்த்த பேசப்பிடாது."

இருபது லேபிள்

அவர் எழுதினார். குழந்தைகள் நலக் குழு கூடி, பிள்ளைகள் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டு, ஆர்டர் போட்டது. இந்த ஜூனில் காளீஸ்வரி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். படி ஏறும்போதே, மெஷின் ஏன் இப்படிக் கத்துகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் அந்த வருஷத்து நாலு வாக்கியத்தையும் அங்கேயே செலவழித்து விளக்கினார்.

செல்வி அட்டைக் கட்டுக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவிக்கொண்டு வந்தாள். மேல்பாதி கத்தரித்து எடுத்தது. கீழ்ப்பாதி அப்படியே, ஒரு மடிப்பு இல்லாமல் இருபது லேபிள். இரண்டு வருஷமாய் அதை அங்கே வைத்திருக்கிறாள், எனக்கே தெரியாது. சின்னவள் வாங்கி, எழுத்துக் கூட்டாமல் சரளமாகப் படித்தாள். தன் பேரைப் படித்தாள், அடுத்ததைப் படித்தாள், அக்காளை நிமிர்ந்து பார்த்தாள்:

"ஒண்ணாப்புன்னு போட்ருக்கு. அக்கா, நா இப்ப மூணாப்பு."

அன்றைக்கு மத்தியானமே புதுத் தாள் போட்டோம். செல்வி ஏழு, காளீஸ்வரி மூன்று. காலி இடமே இல்லை. இப்போது அழிரப்பருக்கும் ஜன்னலோர இடத்துக்கும் இரண்டும் அடித்துக்கொள்கிற சத்தத்தில் மெஷின் சத்தம் கேட்பதில்லை, அம்புட்டு நிம்மதி. சின்னவளும் 'ஓனரம்மா' என்றே கூப்பிடப் பழகிவிட்டாள். கிளார்க் தம்பி என்னைப் பார்த்ததும் வெள்ளை மையை எடுத்து வைத்துக்கொள்கிறார். ஆர்டரை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்போம். வாசல்வரை போகாமல் பேசக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

என் வீட்டுக் கதை முடிந்தது, படிவத்தின் கதை முடியவில்லை. பழைய படிவம்தான் இன்றைக்கும் நிரப்பப்படுகிறது. பரணில் அந்தத் தாளைப் பார்த்த அன்றைக்கே புதுப் புரூஃப் எடுத்துவிட்டேன். ஓரத்தைக் குறைத்து, தலைப்பைச் சின்னதாக்கி, உடன்பிறந்தோர் வரியையும் பிடித்த உணவையும் திருப்பி வைத்தேன். ஒரே பக்கத்தில்தான் அடங்கியிருக்கிறது. கொஞ்சம் மெனக்கெட்டிருந்தால் அன்றைக்கே அடங்கியிருக்கும். அச்சுக்கூலி வேண்டாம், தாளும் என்னுடையது என்று எழுதியே கொடுத்திருக்கிறேன். மேசைக்காரரே, என்னிடம் பேரம் பேசாமல் ஒன்றை வாங்குகிற வாய்ப்பு உங்களுக்கு இனி வராது.

முப்பது வருஷப் பேரத்தில் நான் மிச்சம் பிடித்த ஒரே ஒரு வரியால் ஒரு பிள்ளையின் ஒண்ணாப்பும் ரெண்டாப்பும் அக்காள் இல்லாமலே போனதுதான் மிச்சம். டீ கிளாஸை எடுத்துவிட்டு, அடியில் உங்களுக்காக விட்டிருக்கிற இடத்தில் கையெழுத்தைப் போட்டு அனுப்புங்க.