சுவர்ப் பக்கம் திரும்பிய பலகைகள்

ஹட்டன் கடைவீதிக்குப் பின்னால், ஒரே தகரக் கூரையின் கீழ் ஆறு அறைகள். மூன்றாவதில் சண்முகவடிவு தையல் மிசின் போட்டிருந்தாள். தோட்டத்துப் பெண்கள் ரவிக்கைத் துணியோடு அவளைத் தேடி வருவது அங்கேதான். புருசன் சோலைமலை செத்த இரண்டு வருசமாய் அவளுக்குச் சோறு போட்டதும் அந்த அறைதான்.

1961 ஆடி மழையில் ஏஜென்ட் ஜோர்ஜ் குடையை மடக்காமலே வாசலில் வந்து நின்றார். கட்டடம் கண்டியிலிருக்கும் முதலாளிக்குச் சொந்தம். வாடகை வாங்குவது ஜோர்ஜ்.

"ஏம்மா, வர்ற மாசத்துலேர்ந்து முப்பது ரூவா."

"பதினெட்டுதானேங்க?"

"அது வெறுஞ்சுவரா இருந்தப்ப. இப்ப நாலு பக்கமும் பலகை அடிச்சு பங்களா மாதிரி இருக்கே! போன வருசம் முதலாளி செலவு பண்ணியிருக்காரு. முடியாட்டி காலி பண்ணு."

மிசினை மிதித்த கால் நின்றது. "முதலாளியா அடிச்சாரு? குளிருக்கு எனக்கு மூச்சிழுப்பு வருதுன்னு எங்க வீட்டுக்காரரு அடிச்சதுங்க."

"செத்தவனைச் சாட்சிக்குக் கூப்புடு, போ. பக்கத்து அறை மாயாண்டி கூட்டுன வாடகைக்குக் கையெழுத்துப் போட்டாச்சு."

மாயாண்டி சவரக்கடைக்காரர். போய்க் கேட்டாள்.

"என்னா செய்ய தங்கச்சி? நான் ஊரைச் சிரைக்கிறேன், அவரு என்னையச் சிரைக்கிறாரு."

"நான் தலையக் குடுக்க மாட்டேண்ணே."

அன்று சாயந்திரமே பள்ளிக்கூடத்து இராசம்மா டீச்சரிடம் சொல்லி, வாடகைத் தகராறு தீர்க்கிற வாடகைச் சபைக்கு ஒரு மனு எழுதி வாங்கினாள். சேதி தெரிந்து ஜோர்ஜ் மறுபடி வந்தார், சிரித்துக்கொண்டே.

"தோட்டத்து ஆளுங்களுக்குத்தான் பிரஜாவுரிமையே இல்லையே, ஒனக்குச் சபையில என்ன வேலை?"

"பிரஜாவுரிமை இல்லாதவகிட்ட வாடகை மட்டும் எப்புடிங்க வாங்குறீங்க?"

ஜோர்ஜ் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். ஆனால் அவளுக்கு ஒரு பயம் இருந்தது. சோலைமலை தேயிலை ஃபேக்டரியில் பெட்டி அடிக்கிற தச்சன். உடைந்த பெட்டிப் பலகைகளை, ஃபேக்டரியில் அனுமதிச் சீட்டு எழுதி வாங்கிக் கொண்டுவந்து சுவரில் அடித்தான். தோட்டத்துப் பெயரும் வருசமும் அச்சடித்த பக்கத்தைச் சுவரோடு திருப்பிவைத்தான். "எழுத்தைப் பாத்தா திருட்டுச் சாமான்னு சொல்லிருவாங்க புள்ள" என்பான். இப்போது அந்தச் சீட்டும் இல்லை, அவனும் இல்லை. பலகையைத் திருப்பாவிட்டால் அடித்தது அவன்தான் என்று காட்ட வழியில்லை, அறை போகும். திருப்பினால் செத்தவனுக்குத் திருடன் பட்டம் வரலாம்.

சபையிலிருந்து உத்தியோகத்தர் வந்த நாள் காலை, சோலைமலையின் சுத்தியலை மிசின் மேலே எடுத்து வைத்திருந்தாள்.

பலகை அடித்தது யார் என்று உத்தியோகத்தர் சிங்களத்தில் கேட்டார். கூடவே வந்திருந்த ஜோர்ஜ், போன வருசம் முதலாளி அடித்தது என்றார். சண்முகவடிவு சந்தைச் சிங்களத்தில் சொன்னாள்: "காட்டுறேன் மாத்தயா." சுத்தியலின் பிளந்த பக்கத்தை ஆணியில் கொடுத்து இழுத்தாள். முதல் பலகை அலறிக்கொண்டு வந்தது. இடைவெளியில் குளிர் நுழைந்தது. இரண்டாவது. மூன்றாவது. திருப்பிச் சாத்தினாள். கறுப்பு மையில் தோட்டத்தின் பெயர், பெட்டி இலக்கம், 1955.

ஜோர்ஜ் துள்ளினார். "பாத்தீங்களா! தோட்டத்துச் சாமான்! இவ புருசன் திருடிக் கொண்டாந்து அடிச்சிருக்கான்!"

சண்முகவடிவு அவரை நேராகப் பார்த்தாள்.

"முதலாளி போன வருசம் செலவு பண்ணி அடிச்சாருன்னீங்க. இப்ப எம் புருசன் திருடி அடிச்சான்னு சொல்றீங்க. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க, ஐயா எழுதிக்கட்டும்."

வாசலில் நின்ற மாயாண்டி, பாதி சவரம் செய்த ஆளையும் மறந்து சிரித்தார்.

"திருட்டும் இல்லைங்க," என்றாள். இலக்கத்துக்கு மேலே சிவப்புப் பெயிண்டில் குறுக்குக் கோடு; இத்தனை வருசமாய்ச் சுவரோடு கிடந்ததை அவளே இப்போதுதான் பார்த்தாள். "ஆகாதுன்னு கழிச்ச பலகைக்குத்தான் ஃபேக்டரியில இப்புடிக் கோடு போடுவாங்கன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. மூணுலயும் இருக்கு. பாக்கியையும் கழட்டவா?"

"போதும்," என்று உத்தியோகத்தர் பேனாவைத் திறந்தார்.

சபையின் கடிதம் வர ஒன்றரை மாதம் ஆயிற்று. வாடகை பதினெட்டுதான். அதைக் கேட்ட மாயாண்டி, "மனு எழுதுற டீச்சரு வீடு எந்தப் பக்கம் தங்கச்சி?" என்றார்.

ஆனால் சண்முகவடிவு கடிதத்துக்காகக் காத்திருக்கவில்லை. உத்தியோகத்தர் போன அன்றே, இழுப்பு நெஞ்சை அடைக்கத் தொடங்குமுன், மூன்று பலகைகளையும் அடித்துவிட்டாள். எழுத்தை அறைப் பக்கம் வைத்து.

துணி கொண்டுவந்த ஒருத்தி கேட்டாள்: "இது என்னாக்கா, சுவரெல்லாம் எழுத்து?"

"எங்க வீட்டுக்காரரு வேல," என்று ஊசியில் நூலைக் கோத்தாள் சண்முகவடிவு.