ஜன்னல் சீட்டில் ஒரு உயிர்ப்பெட்டி

ஜன்னலோர சீட்டு பெட்டிக்கு. அதற்கென்று தனி டிக்கெட் வாங்கியிருந்தார்கள். அதன் மேல் ஒரு கையை வைத்தபடி, பக்கத்துச் சீட்டில் கஸுஹிதே உகிதா உட்கார்ந்திருந்தார். ஜப்பானின் கோபேயிலிருந்து கொக்குரா வழியாகப் போகும் புல்லட் ரயில். காலையில் கிளம்பும்போதே அவர் மனைவி சனாயே வாசலில் நின்று குத்திக் காட்டினாள்.

"கல்யாணமாகி முப்பது வருஷம், என்னைய ஒரு நாள் ஜன்னலோரமா உக்கார வச்சதில்ல. பெட்டிக்கு வந்த யோகத்தப் பாரு."

"நீ குலுங்கினா ஒண்ணும் ஆகாதுடி. அது குலுங்கினா செத்துப்போயிரும்," என்று சொல்லிவிட்டு வந்தார்.

பெட்டிக்குள் இருந்தது பாலாடை போல ஒரு மெல்லிய ஏடு. நகத்தளவைவிடக் கொஞ்சம் பெரிது. சுண்ணாம்பு தெறித்து இரண்டு கண்ணும் வெந்துபோன ஒரு அம்மாளின் உட்கன்னத்திலிருந்து துளி சதை கிள்ளி, அதிலிருந்த ஸ்டெம் செல்களை வாரக்கணக்கில் வளர்த்து அந்த ஏட்டை உண்டாக்கியிருந்தார்கள். இன்று சாயங்காலம் கொக்குரா ஆஸ்பத்திரியில் அதை அவர் கண்மேல் படிய வைப்பார்கள். யார், என்ன பேர் என்பதெல்லாம் உகிதாவுக்குச் சொல்ல மாட்டார்கள். பெட்டியில் ஒரு எண் மட்டும் இருக்கும். அவரும் தினமும் வீட்டுப் பூஜை அலமாரி முன்னால் மணியடித்து, அந்த எண்ணைச் சொல்லித்தான் அமிதா புத்தரிடம் வேண்டிக்கொள்வார். எண்ணைச் சொன்னால் புத்தருக்கு ஆளைத் தெரியாதா என்ன.

உகிதா முன்பு வேனில் தோஃபு என்ற சோயாப் பால்கட்டியைக் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போட்டவர். ஒரு கட்டி உடைந்தாலும் கடைக்காரன் வாங்க மாட்டான். அந்தக் கைப்பழக்கத்தைக் கேட்டுத்தான் இந்த ஏடுகளைச் செய்யும் கம்பெனியின் தலைவி ஓரிபே அம்மா அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார். இதுவரை அவர் கொண்டுபோனதெல்லாம் பரிசோதனைக்காக இலவசமாகக் கொடுத்த பெட்டிகள். இதுதான் விலைக்குப் போகும் முதல் பெட்டி. கம்பெனியே இரண்டு நாளாகத் தூங்கவில்லை. நேற்று டீ நேரத்தில் ஓரிபே அம்மா எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினார்.

"இது அரிசி மூட்டை இல்ல, செஞ்சு அடுக்கி வைக்கிறதுக்கு. அவங்கவங்களோடது அவங்கவங்களுக்குத்தான். உறைய வச்சா செத்துரும். ஒண்ணு செய்யற செலவுல ஒரு வீடு வாங்கலாம், இன்ஷூரன்ஸ்ல வர்றது அதுல பாதிகூட இல்ல. நிறையப் பேருக்குச் செஞ்சாத்தான் கட்டுப்படியாகும். சர்க்காரும் சில வருஷத்துக்குத்தான் விக்க விட்டிருக்கு. அதுக்குள்ள பலிக்குதுன்னு காட்டணும். முதல் பெட்டியே வழியில செத்துச்சுன்னா எந்த ஆஸ்பத்திரி நம்மள நம்பும்? அதவிட, அந்தம்மா வாயில திரும்பவும் கத்தி வைக்கணும். உகிதா ஐயா, உங்க கையிலதான் இருக்கு."

உகிதா குனிந்து வணங்கினார். மனசுக்குள் பயமும் சந்தோஷமும் கலந்திருந்தன.

ஹிரோஷிமாவில் கூட்டம் முண்டியடித்து ஏறியது. மழையால் முந்தின வண்டி ரத்தாம். நடைவழியெல்லாம் ஆட்கள் நின்றார்கள். சிறுத்தைப் புள்ளி போட்ட சட்டையும் ஒசாகா ஊர்ப் பேச்சுமாக ஒரு அம்மாள் உகிதாவின் தோளருகே வந்து நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் பெட்டியைப் பார்த்தாள்.

"ஏண்ணே, நின்னா அந்தப் பெட்டிக்குக் கால் வலிக்குமோ?"

சுற்றியிருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். உகிதாவுக்குக் காது சிவந்துவிட்டது. எழுந்து தன் சீட்டைக் கொடுத்தார்.

"நீங்க உக்காருங்கக்கா. அத மட்டும் எடுக்க முடியாது. மன்னிச்சுக்குங்க."

அவள் உட்கார்ந்து, பைக்குள் கைவிட்டு ஒரு மிட்டாயை எடுத்து அவர் உள்ளங்கையில் திணித்தாள். பேர் புசாயேவாம். ஹகாதாவில் தங்கையைப் பார்க்கப் போகிறாளாம். கேட்காமலேயே சொன்னாள்.

தொகுயாமா தாண்டியதும் வானம் இருட்டி இடி இடித்தது. வண்டி மெல்ல மெல்ல ஓய்ந்து, வயல்வெளிக்கு மேலே பாலத்தில் நின்றுவிட்டது. விளக்கு போயிற்று. குளிர்சாதனம் மூச்சை விட்டு அடங்கியது. மின்கம்பியில் இடி விழுந்துவிட்டது, எப்போது சரியாகும் என்று சொல்வதற்கில்லை என்று கண்டக்டர் ரயிலின் ஒவ்வொரு பெட்டியாக வந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் மழை விட்டது. விட்டதுதான் வினையாகப் போயிற்று. ஜூலை மாதத்து வெயில் ஜன்னல் வழியாக நேரே பெட்டியின் மேல் இறங்கியது. உகிதா ஜன்னல் திரையை இழுத்துவிட்டும் அனல் அடங்கவில்லை.

மூடியில் உள்சூட்டைக் காட்டும் சின்னத் திரை இருந்தது. இருபத்தைந்தைத் தொட்டால் பெட்டியை ஆஸ்பத்திரியில் வாங்க மாட்டார்கள். எண் மெதுவாக ஏற ஆரம்பித்தது. உகிதாவின் உதடு தானாக அமிதா புத்தரின் பேரைச் சொல்லத் தொடங்கியது.

"என்ன, மூஞ்சி வெளுத்துப்போச்சு? உள்ள என்ன, மீனா?" என்றாள் புசாயே.

"ஒருத்தரோட கண்ணு, அக்கா. அவங்க வாய்ச் சதையில இருந்த ஸ்டெம் செல் வச்சு வளர்த்தது."

அவள் முகம் கறுத்தது. "அந்தத் திருட்டுக் கும்பலா? எனக்கும் முட்டியில ஊசி போட்டானுங்க, பளபளன்னு ஒரு கிளினிக்குல. ஸ்டெம் செல், ஓடலாம் பறக்கலாம்னானுங்க. முட்டி இருந்த எடத்துலயே இருக்கு. பணம்தான் ஓடிப்போச்சு."

நடைவழிக்கு அந்தப் பக்கச் சீட்டில் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டிருந்த தடித்த மனிதர் தலையை நீட்டினார். "நானும் அப்படி ஒரு கம்பெனிப் பங்கு வாங்கிக் கையச் சுட்டுக்கிட்டேன்க்கா."

புசாயே உகிதாவின் பக்கம் திரும்பினாள். "சொல்லுண்ணே. இது பலிக்குமா? சத்தியம் பண்ணு பாப்போம்."

உகிதா அவளை நேராகப் பார்த்தார். பொய் சொல்லிவிட்டு எப்படி புத்தரின் பேரை உச்சரிப்பது?

"சத்தியம் பண்ண மாட்டேன்க்கா. சிலருக்குப் பார்வை வந்திருக்கு. சிலருக்கு வலி மட்டும் போயிருக்கு. சிலருக்கு ஒண்ணுமே ஆகல. இவங்களுக்கு என்ன ஆகும்னு டாக்டருக்கே தெரியாது. ஆனா இது இங்க வெந்துபோச்சுன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். வாயில திரும்பக் கத்தி, திரும்ப வாரக்கணக்கா இருட்டு."

புசாயே பெட்டியின் மூடியை எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு ஊசி போட்டவன் இதுல ஒரு வார்த்த சொல்லல," என்றாள். பிறகு எழுந்து நின்றாள். அவள் குரல் அந்த ரயில் பெட்டி முழுக்கக் கேட்டது.

"கேட்டுக்குங்கப்பா. இந்தண்ணன் ஒருத்தரோட கண்ண வச்சிருக்காரு, வெயில்ல வேகுது. நெழல்ல யாரு உக்காந்திருக்கீங்க? நீங்கதான், பங்கு வாங்கினவரே. எந்திரிங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் தடித்தவர் எழுந்துவிட்டார். உகிதா பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, தோஃபுத் தட்டைத் தூக்குவது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நிழல் பக்கம் வைத்தார். யாரோ அந்தப் பக்கத்து ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டார்கள். கழுத்துத் துண்டுகள் வந்தன. குளிர்ந்த டீ பாட்டில்கள் கைமாறி வந்தன.

"ஒட்ட வைக்காதீங்க, ரொம்பக் குளிர்ந்தாலும் செத்துரும்," என்று பதறினார் உகிதா.

"புதுப் பொண்டாட்டி மாதிரி இருக்கே இது," என்றார் தடித்தவர்.

டீயால் துண்டை நனைத்துப் பிழிந்து பெட்டியைச் சுற்றினார்கள். பேஸ்பால் ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பும் சிவப்புச் சட்டைக் கூட்டம் ஒன்று பின்னால் இருந்தது. ஆளுக்கொரு கைவிசிறி வைத்திருந்தார்கள். வரிசையாக வந்து நின்று, ஆட்டத்தில் கத்துகிற தாளத்திலேயே விசிற ஆரம்பித்தார்கள். கத்தல் மட்டும்தான் இல்லை. வியர்வை ஒழுக ஒழுக அத்தனை பேரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்தார்கள். எண் ஏறினால் "அய்யோ" என்று ஒரு முனகல். நின்றால் பெருமூச்சு. ஒரு தடவை கடைசி இலக்கம் ஒன்று குறைந்தது. குழந்தை முதல் அடி வைத்ததைப் பார்த்ததுபோல எல்லார் முகமும் மலர்ந்தது. உகிதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் கை ஒழியவில்லை.

விளக்கு வந்தபோது யாரும் விசிறியை நிறுத்தவில்லை. வண்டி நகர்ந்தது. விஷயம் கேள்விப்பட்ட கண்டக்டர் ஒலிபெருக்கியில், கொக்குராவில் ஒரு அவசரப் பயணி முதலில் இறங்க வேண்டும், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கதவு திறந்ததும் ஒருவரும் அசையவில்லை. நடைவழி இரண்டாகப் பிரிந்து நின்றது. உகிதா பெட்டியோடு குனிந்து குனிந்து வணங்கியபடி இறங்கினார்.

"மெதுவாப் போண்ணே, இப்பத் தடுக்கி விழுந்தேன்னா கொன்னே போட்டுருவேன்," என்ற புசாயேவின் குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்புப் பெண் ஒருத்தி பெட்டியை மேசைமேல் வைத்து, வழியெல்லாம் பதிவான சூட்டைத் திரையில் கோடாக விரித்தாள். கோடு மலைபோல ஏறியிருந்தது. உச்சியில் அவள் விரல் நின்றது. உகிதா மூச்சு விடவில்லை. எல்லைக் கோட்டுக்கு மயிரிழை கீழே அந்த உச்சி வளைந்து இறங்கியிருந்தது. அவள் இன்னொரு முறை பார்த்தாள். மூடியைத் திறந்து, உள்ளே இருந்த தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்க்காமல் பிடித்துப் பார்த்தாள். பிறகு டாக்டரைக் கூப்பிட்டாள். அவரும் பார்த்தார். ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"எடுத்துக்கிறோம்," என்றார் டாக்டர்.

தட்டு உள்ளே போயிற்று. கதவு மூடிக்கொண்டது. உகிதா ஓரிபே அம்மாவுக்குப் போன் போட்டார். "எடுத்துக்கிட்டாங்கம்மா," என்றார். மறுமுனையில் அந்த அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பின்னால் யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள், யாரோ கைதட்டினார்கள்.

"பலன் தெரிய நாளாகும் ஐயா," என்றார் ஓரிபே அம்மா.

"தெரியும்மா. இருந்தாலும் உயிரோட சேர்த்துட்டோம்."

போனை வைத்துவிட்டு வெளியே போகாமல் அங்கேயே காத்திருந்தார். நடைகூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஆபரேஷன் அறைக் கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. உகிதா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முகம் தெரியாத அந்த அம்மாளுக்காக, அந்த விளக்குக்கு நேரே ஆழக் குனிந்தார்.