வேன் அக்காவும் இரண்டு விரல் தாராளமும்

வேன் அக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. டிரைவிங் லைசென்ஸில் அச்சடித்திருப்பார்கள். எங்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. தெருமுனையில் அந்த வெள்ளை வேன் இருமிக்கொண்டே திரும்பும்போது பிள்ளைகள் "வேன் அக்கா வந்தாச்சு!" என்று கத்துவார்கள். அவளும் ஜன்னலில் தலையை நீட்டி, "வழி விடுங்க, இந்த பிரேக் என் பேச்சைக் கேக்காது" என்று பதிலுக்குக் கத்துவாள். பிரேக் நன்றாகத்தான் பிடிக்கும். அவளுக்குக் கத்த வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் சொந்த நாட்டை விட்டு ஓடி வந்தவர்கள். எங்களைக் குடிவைத்திருந்த வரிசை வீடுகளுக்கு, உதவி நிறுவனம் ஒன்று பழைய துணி மூட்டைகளை அனுப்பும். அதைக் கொண்டுவந்து இறக்குவதுதான் அக்காவின் வேலை. அவள் வீடு எங்களுக்குப் பின் தெருவில். அங்கே எல்லாரும் அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் உள்ளவர்கள். இரண்டு தெருவுக்கும் நடுவே ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம், "மூட்டை மூட்டையா வந்து இறங்குது பாரு, எல்லாம் அவங்களுக்கே" என்பார்கள். இந்தப் பக்கம் நாங்கள், "சொந்த ஊர்ல இருக்காங்க, இவங்களுக்கு என்ன குறை?" என்போம். ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் எட்டிப் பார்த்ததில்லை. பேச்சுக்கு மட்டும் பஞ்சமில்லை.

எனக்கும் அக்காவுக்கும் பழக்கமே ஒரு சண்டையில்தான் ஆரம்பித்தது. ஒரு மூட்டையைப் பிரித்தால் மேலேயே ஒற்றைச் செருப்பு. ஜோடியைத் தேடினேன், இல்லை. என் வாய் சும்மா இருக்குமா? செருப்பைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு முன்னால் போய் நின்றேன்.

"இதைப் போட்டவங்க எங்களுக்கு ஒரு கால்தான்னு நினைச்சுட்டாங்களா? இல்ல, நொண்டி விளையாடச் சொல்றாங்களா?"

வேறு யாராக இருந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். இனாமாக வாங்குகிறவளுக்கு இவ்வளவு திமிரா என்று கேட்டிருப்பார்கள். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தாள்.

"சரி, உனக்கு என்னதான் வேணும்? சொல்லித் தொலை."

எனக்குத் திக்கென்றது. இந்த ஊருக்கு வந்த நாள்முதல் எங்களை என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். எங்கிருந்து வந்தாய், எத்தனை பேர், கையெழுத்து போடத் தெரியுமா என்றெல்லாம். என்ன வேண்டும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ஏதோ ஒரு வேகத்தில், "தையல் மெஷின்" என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தைக்கவே தெரியாது. இஸ்திரி போடத்தான் தெரியும். ஆனால் எங்கள் வரிசையில் தைக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

அக்கா கேட்டதோடு நிற்கிற ஆள் இல்லை. ஒரு தையல்கடையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே கிடந்த பழைய கால் மெஷின்களைக் கெஞ்சியும் அதட்டியும் வாங்கி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தாள். மூட்டை அடுக்கி வைக்கும் அறையை எங்களுக்குக் கொடுங்கள் என்று நிறுவனத்து மேடத்திடம் மல்லுக்கு நின்றாள். மேடம் கெட்டவர் இல்லை, எச்சரிக்கையானவர். "பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள ஒரே ஒரு ஆர்டரை ஒழுங்கா முடிச்சுக் காட்டுங்க. அறை உங்களுக்கு. முடியலைன்னா மறுபடியும் மூட்டையை அடுக்கிடுவேன்" என்றார்.

ஆர்டரையும் அக்காவேதான் பிடித்துக்கொண்டு வந்தாள். எங்கள் பிள்ளைகளும் பின் தெருப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளிக்கூடத்தில் அந்த வருடம்தான் முதல்முதலாகச் சீருடை. தலைமையாசிரியையின் மேஜைக்கு முன்னால் நின்று, "இவங்க தைப்பாங்க, நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். துணி வந்து இறங்கியது. சட்டைக்கு வெள்ளை, பாவாடைக்கும் கால்சட்டைக்கும் நீலம்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. அளவெடுக்க ஒருத்தி, அவளுக்கு 'டேப்' என்றே பெயர் வைத்துவிட்டோம். வெட்டுவதற்கு 'கத்திரி'. எங்கள் ஊரில் பெரிய தையல்கடையில் வேலை பார்த்தவள், வாயும் கத்திரிதான். மெஷினில் மாறி மாறி உட்கார ஏழெட்டுப் பேர். இஸ்திரி நான். மெஷின் சத்தத்தில் பேசினால் கேட்காது, அதனால் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். அக்கா மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்து துணி மூட்டை மேல் உட்கார்ந்து, "என்ன இது, சந்தைக்கடை மாதிரி" என்று எங்களைவிடச் சத்தமாகக் கத்துவாள். மூட்டைத் துணி வேண்டாம் என்று நாங்களே நிறுவனத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். சொந்த வாயால் 'வேண்டாம்' என்று சொல்கிற சுகம் எப்படி இருக்கும் என்று, அது கிடைக்காமல் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

தைத்து முடித்த முதல் கட்டுச் சட்டைகளை அக்கா பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனாள். போனவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். வேன் கதவை அவள் அறைந்த சத்தத்திலேயே எங்களுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே வந்தவள், மூலையில் விளையாடிக்கொண்டிருந்த என் மகளை இழுத்து, அவளுக்கான சட்டையை எடுத்து மாட்டிவிட்டாள்.

பிள்ளையின் கை காணாமல் போனது. தோள் முழங்கையில் வந்து நின்றது. கழுத்து வழியாக இன்னொரு பிள்ளை எட்டிப் பார்க்கலாம் போல இருந்தது.

"சட்டை தைக்கச் சொன்னா கூடாரம் தைச்சு வெச்சிருக்கீங்களே! டீச்சர் என்னைக் கேக்குறாங்க, இது யூனிஃபார்மா போர்வையான்னு. நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் பதில் சொல்றது?"

கூடாரத்தில் கிடந்து வந்தவர்கள் நாங்கள். அக்காவுக்கும் சொன்ன பிறகுதான் உறைத்தது போலிருக்கிறது, நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்லவேளை, கத்திரிதான் முதலில் சிரித்தாள். "கூடாரத்துக்கு இது காணாது அக்கா, நாலு பக்கமும் ஒழுகும்" என்றாள். அப்புறம் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து அடங்கியதும் பயம் வந்தது.

எப்படி ஆயிற்று என்று விசாரித்தால்தான் கூத்து தெரிந்தது. டேப் அளவெடுக்கும்போது நாடாவுக்கு அடியில் இரண்டு விரல் நுழைத்துத்தான் எடுத்திருக்கிறாள். "வளர்ற பிள்ளைங்க இல்லையா?" கத்திரி, சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே இரண்டு விரல் தள்ளி வெட்டியிருக்கிறாள். "வளர்ற பிள்ளைங்கன்னு நானும் நினைச்சேன். டேப் விட்டிருப்பாள்னு யாருக்குத் தெரியும்?" மெஷினில் உட்கார்ந்தவர்கள் ஓரத்தில் மெல்லிசாகத் தையல் போட்டு, முடிந்தவரை அகலமாகவே விட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே பதில். ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல், எல்லாரும் ஒரே பாசத்தைக் காட்டியிருக்கிறோம்.

இத்தனையையும் இஸ்திரி போட்டவள் நான். ஒன்றுகூட என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. எப்படித் தெரியும்? எங்கள் பிள்ளைகள் மூட்டைத் துணியில் வளர்ந்தவர்கள். யாரோ ஒரு பெரிய பிள்ளை போட்டுக் கழித்ததை, கையை மடித்து, இடுப்பில் ஊக்கு குத்தித்தான் போட்டு அனுப்புவோம். சட்டை என்றால் அப்படித்தான் தொளதொளவென்று இருக்கும் என்று எங்கள் கண்ணே பழகிவிட்டிருந்தது.

பள்ளி திறக்க நாள் நெருங்கிவிட்டது. சரியாக இருந்தால் வாங்குவேன், இல்லையென்றால் கடையில் ஆர்டர் கொடுத்துவிடுவேன் என்று தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கத்திரிதான் முதலில் எழுந்தாள். "அதிகமா இருக்கிறதை வெட்டித் தள்ளிட்டுத் திரும்ப ஓரம் தைக்க வேண்டியதுதான், வேற வழி?" என்று ஒரு சட்டையை மேஜையில் விரித்துக் கத்திரியைத் திறந்தாள்.

"வெட்டாதே!"

அக்கா போட்ட சத்தத்தில் மெஷினில் இருந்தவள் பெடலை விட்டுவிட்டாள். அக்கா வந்து சட்டையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"என் தங்கச்சி பொண்ணுக்கு வருஷா வருஷம் சட்டை எங்கே இருந்து வருது தெரியுமா? நான் இறக்குற மூட்டையில இருந்துதான். வேனை ஓரமா நிறுத்தி, யாரும் பாக்கறதுக்குள்ள ஒண்ணை உருவி சீட்டுக்கு அடியில வெச்சுக்குவேன். உங்களுக்கு வந்ததுல இருந்து எடுத்துட்டேனேன்னு அன்னைக்குப் பூரா சோறு இறங்காது. எங்க தெருவுல வருஷத்துக்கொரு சீருடை எவளால வாங்க முடியும்? இந்தத் துணி உள்ளேயே இருக்கட்டும். மடிச்சு வைங்க. பிள்ளை வளர வளரப் பிரிச்சு விட்டுக்கலாம்."

அவள் எடுத்ததைத் திருட்டு என்று எங்களில் ஒருத்தியும் நினைக்கவில்லை. இத்தனை நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன குறை என்று கேட்டோமே, அந்த வாயை எங்கே கொண்டு போய் வைப்பது? டேப் மட்டும் எழுந்து போய் அவள் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

வெட்டுவது சுலபம். மடிப்பதுதான் மலை. கையிலும், தோளிலும், இடுப்பிலும், கீழ் ஓரத்திலும் உள்ளே மடித்துக் கையால் ஓட்டுத் தையல் போட வேண்டும். பிரித்தால் தழும்பு தெரியக் கூடாது, போட்டிருக்கும்போது மடிப்பும் தெரியக் கூடாது. எங்கள் கைகள் போதாது. அக்கா எழுந்து நேராகப் பின் தெருவுக்குப் போனாள். அவள் போட்ட சத்தம் சுவரைத் தாண்டி எங்களுக்கே கேட்டது. "எல்லாம் அவங்களுக்கேன்னு புலம்புனீங்கல்ல? இப்ப உங்க பிள்ளை சட்டையே அங்கே கிடக்கு. ஊசி பிடிக்கத் தெரிஞ்சவ எல்லாம் கிளம்புங்க. சும்மா வேடிக்கை பாக்க வர்றவ வீட்டிலேயே இருங்க."

வந்தார்களே! ஆளுக்கொரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, சொந்த ஊசியும் கையுமாக. முதலில் வந்தவள் வாசலிலேயே நின்று, "எம்பையன் சட்டை எது? அதை மட்டும் குடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று முறைத்தாள். தேடி எடுத்துக் கொடுத்தோம். உட்கார்ந்தாள். அதை முடித்துவிட்டு, எழுந்து போவாள் என்று பார்த்தால், "அடுத்தது குடு" என்று கையை நீட்டினாள். யாருடையது என்று கேட்கவில்லை. அது எங்கள் வரிசையில் ஒரு பிள்ளையுடையது. அதைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியின் சூட்டைச் சாக்கு வைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இரண்டு தெருவும் ஒரே அறையில். இடம் பற்றாமல் வாசலிலும் வேனுக்குள்ளும் உட்கார்ந்து தைத்தார்கள். அவர்கள் எங்கள் தையலைக் குறை சொல்ல, நாங்கள் அவர்கள் தையலைக் குறை சொல்ல, சண்டையும் சிரிப்புமாக வேலை நடந்தது. கத்திரியும் அந்த முறைத்தவளும் கடைசியில் ஒரே பொட்டலத்தில் சாப்பிட்டார்கள். உதவி செய்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், எல்லாருக்கும் நன்றி சொல்லியும் இருக்கிறேன். அக்கா எங்களுக்குச் செய்தது வேறு. கொடுத்துவிட்டுப் போகாமல், கூடவே உட்கார்ந்து ஊசி கோத்தாள். இந்தக் கடனை இந்தப் பிறவியில் அடைக்க முடியாது. அடைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவளுக்குக் கடன்பட்டிருப்பதே எனக்குப் பெருமைதான்.

தலைமையாசிரியை இந்த முறை தானே வந்தார். வகுப்புக்கு ஒருத்தராகப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு கைப்பட்டையைத் திருப்பி உள்மடிப்பைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் பின் தெருக்காரிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பாவம், காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான். "புரிஞ்சுது, புரிஞ்சுது. நல்லா இருக்கு, வாங்கிக்கிறேன்" என்றார். மறுநாளே மேடம் அறைச் சாவியைக் கொண்டுவந்து டேப்பின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பள்ளி திறந்த அன்று காலை, அக்கா வேனைப் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே நிறுத்தி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக உள்ளே போனார்கள். எல்லாம் வெள்ளையும் நீலமும். முன்பெல்லாம் எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் என் மகளை நான் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவேன். தோள் இறங்கி, கை நீண்டு, அவளுக்குச் சொந்தமில்லாத மாதிரி ஒரு உடுப்பு வரும், அதுதான் அவள். எங்கள் பிள்ளைகளை எல்லாருக்குமே அப்படித்தான் அடையாளம் தெரியும். அன்றைக்குத் தேடினேன். வாசலில் தேடினேன், மைதானத்தில் தேடினேன். காலையில் நானே தலை சீவி அனுப்பிய பிள்ளை.

"அக்கா, எம்பொண்ணு எதுன்னே தெரியலையே" என்றேன். சொல்லும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அக்கா ஸ்டியரிங்கில் இருந்த கையை எடுத்து என் முதுகில் வைத்தாள். அவளுக்கும் குரல் உடைந்திருந்தது.

"என் தங்கச்சி பொண்ணையும்தான் எனக்குத் தெரியல. அழாதே. தெரியக் கூடாதுன்னுதானே தைச்சோம்."