அப்பா காதைப் பொத்திக்கொண்ட காலை

அன்று எங்கள் முற்றத்தில் நின்றது மூன்று பேர், நானும் அம்மாவும் அப்பாவும். அண்ணன் இல்லை, அவன் மஸ்கட்டில். அவன் வெயிலில் நின்று சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய பழைய கார்தான் நின்றது. பக்கத்து வீட்டு செல்வன் அண்ணனும் இல்லை. பிக்கப் வேன் ஓட்டுகிறவர், இருந்திருந்தால் என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கியிருப்பார். வேறு சாட்சி கிடையாது என்பதற்காகச் சொல்கிறேன். பேய், சகுனம் என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிறவன் நான். எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் வாசல் மிதித்தவன், அதனால் எழுந்து போவது ஒரு கடமைபோலவே இருந்தது. நீங்களும் எழுந்து போனால் எனக்கு வருத்தமில்லை.

அப்பாவுக்குக் காது கேட்காது. கல்குவாரியில் வெடி வைக்கிற வேலை, பதினோரு வருடத்துக்கு முன் ஒரு வெடி முந்திக்கொண்டது, அன்றோடு இரண்டு காதும் போயிற்று. கார் வந்து எட்டு மாதம்தான். அதன் ஹார்ன்கூட அவருக்குத் தெரியாது.

பிரேக்கை மிதித்தால் முன்சக்கரத்தில் கீச்சென்று சத்தம் வர ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. செல்வன் அண்ணன் தெருவில் நின்றே கேட்டார்.

"லே மக்கா, பிரேக்கு பேடு தேஞ்சாச்சு. டயரக் கழத்திப் பாத்தியா?"

"மழைக்கு டிஸ்க்ல துரு பிடிக்கும்ணே, அதான். ரெண்டு தடவ மிதிச்சா போயிரும்."

"ஓ. நீ படிச்சவன். நான் சும்மா வண்டி வளையம் பிடிக்கியவன்லா."

நான் படித்தது கட்டடப் படிப்பு, பிரேக்கைப் பற்றி ஒரு வரி படித்ததில்லை. ஆனால் வீட்டில் கரண்ட் பில் முதல் மாத்திரை அட்டை வரை எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்பார்கள், தெரியாது என்று சொல்லும் பழக்கமே எனக்குப் போய்விட்டது. பிறகு பிரேக் மிதி ஆழமாக இறங்கத் தொடங்கியது, பார்த்தால் பிரேக் ஆயில் குறைந்திருந்தது, வாங்கி ஊற்றினேன், காரியம் முடிந்தது என்று நினைத்தேன். பேடு தேயத் தேய ஆயிலும் இறங்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

குழித்துறையில் சித்தியின் புது வீட்டுப் பால்காய்ப்பு. காலை பத்து மணி, நல்ல வெயில். எஞ்சினை இன்னும் போடவில்லை, சாவி என் கையில் இருக்கிறது. கார்க் கதவைத் திறந்த அப்பா சட்டென்று இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். சும்மா இல்லை, முகமெல்லாம் சுருங்கி, உடம்பை ஒடுக்கிக்கொண்டு. எனக்கும் அம்மாவுக்கும் கோழி கொத்துவது தவிர ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"நிறுத்துலே அத!" என்று கத்தினார்.

"என்னவாம் இந்த மனுசனுக்கு?" என்றாள் அம்மா.

என்ன சத்தம் என்று சைகையில் கேட்டேன். அவர் வாயாலேயே செய்து காட்டினார். நம்பினால் நம்புங்கள், கீச்சு இல்லை, இரும்பை இரும்பால் அறுப்பதுபோலத் தொண்டையிலிருந்து ஒரு கரகரப்பு, நடுவில் மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும். அப்படி ஒரு சத்தம் அந்தக் காரில் வந்ததே இல்லை. தெருவில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று எனக்கு வெட்கம். அவர் கைகளைப் பிடித்துக் காதிலிருந்து கீழே இறக்கினேன். கல் உடைத்த கைகள், என்னைத் தள்ளிவிட்டிருக்கலாம், தள்ளவில்லை. காரில் ஏறவும் இல்லை.

"நீ ஏறாத, கேட்டியா," என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார்.

"பிள்ள படிச்சவன்லா ஓட்டுவான்," என்று அம்மா முன்சீட்டில் ஏறினாள், அவருக்குக் கேட்காது என்று தெரிந்தே சொன்னாள்.

போகிற வழியில் இறக்கத்தில் ஒரு பஸ் நின்றது, பிரேக்கை மிதித்தேன். அந்தச் சத்தம் வந்தது. அப்பா செய்து காட்டிய அதே கரகரப்பு, அவர் மூச்சு வாங்கிய இடத்தில் அதுவும் ஒரு கணம் நின்றது, பிறகு மறுபடியும். அதோடு மிதி தரையில் போய் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் இடிக்காமல் இடப்பக்கம் ஒடித்தேன், ஒரு வீட்டு மதில், அம்மா உட்கார்ந்திருந்த பக்கம்.

அம்மாவுக்கு அண்டி ஆபீசில் முந்திரி உடைக்கிற வேலை, இருபது வருடமாகக் குத்தவைத்தே செய்தாள். அவளுடைய இடது முழங்கால் இனி மடங்காது.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி பேடை என் கையில் வைத்தார், வெறும் தகடு. காது கேட்காதவர்கள் அதிர்வை உடம்பால் உணர்வார்கள் என்று நண்பர்கள் விளக்கம் சொல்கிறார்கள். நின்றுகொண்டிருக்கிற காருக்கு என்ன அதிர்வு? எழுதிக் கேட்கலாமென்றால் அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. சைகையிலேயே கேட்டேன்.

"பதினோரு வருசமா ஒண்ணும் கேக்கல்ல மக்களே," என்றார். "ஒங்க அம்மைக்க சத்தம் எப்பிடி இருக்கும்னே மறந்து போச்சு. அது மட்டும் கேட்டுது."

ஆஸ்பத்திரிக்கும் மதில்காரருக்கும் அண்ணன் கடன் வாங்கி அனுப்பினான், இந்த வருடம் ஊருக்கு வர இருந்தவன், இனி எப்போது என்று சொல்வதில்லை. நான் அப்பாவைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்துவிட்டு, இரண்டு காதிலும் ஒன்றுமே இல்லை, எந்தச் சத்தமும் ஏறாது என்று எழுதித் தந்தார்கள். அந்தச் சீட்டுக்கு நானூறு. அதையும் சேர்த்து, மூன்று லட்சத்துப் பதினேழாயிரத்து நானூறு ரூபாய்.