பெயர் எழுதத் தேவையில்லை

நேற்றுப் பின்னேரம் மருமகள் விறாந்தையில் இருந்து நகத்துக்குப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தாள். மணம் குசினி வரைக்கும் வந்தது. வேலையை விட்டுவிட்டுப் போய் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டேன்.

"என்ன மாமி, மணம் பிடிக்கேல்லையோ?"

"பிடிக்கும். இந்த மணத்தோடதான் நான் சம்பளம் எடுத்தனான்" என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

உங்களுக்குச் சொல்கிறேன். றோணியோ மெஷினில் பிரதி எடுப்பதற்கு முதலில் மெழுகுத்தாளில் ரைப் அடிக்க வேண்டும். எழுத்துப் பிழைத்தால் அதன் மேல் பூச ஒரு இளஞ்சிவப்பு மருந்து, சின்னப் போத்தலில், மூடியோடு தூரிகை. நகப்பூச்சின் மணம்தான் அதற்கும். நான் நிறையப் பிழை விடுகிறவள். கந்தோரில் என் மேசைக்கு வந்தவர்கள் எல்லோரும் மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் கதைத்தார்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலைக் கல்விக் கந்தோரில் நான் சேவைக்கால ஆலோசகர். ஏற்கனவே படிப்பித்துக்கொண்டிருக்கிற ஆசிரியர்களுக்குச் சனிக்கிழமைகளில் பயிற்சி வகுப்பு வைப்பது வேலை. எனக்கு வயது இருபத்தெட்டு. கொழும்பில் ஆறு கிழமை படித்துவிட்டு வந்து, முப்பது வருடம் வகுப்பில் நின்றவர்களுக்குப் படிப்பிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வெளிக்கிட்டேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. அப்போது வெட்கம் என்ற ஒன்று கிட்டவும் வரவில்லை.

பாவம், அவர்களும் வந்தார்கள். புல்மோட்டையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்தார்கள், மூதூரிலிருந்து கடலால் லோஞ்சுப் படகில் வந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைத் திறந்தபடி நித்திரை கொள்ள அவர்களில் பலர் பழகியிருந்தார்கள். நான் அதைக் கவனம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாகக் கதைப்பேன்.

ஒன்று மட்டும் எனக்காகச் சொல்லலாம். வகுப்பைத் திட்டமிட முதல் பள்ளிக்கூடங்களுக்குப் போய் ஒரு மூலையில் இருந்து பார்ப்பேன். அப்படித்தான் சல்லிக் கிராமத்துப் பக்கம், கடற்கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் கோணாமலை மாஸ்ரரைக் கண்டேன். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். வருடா வருடம் சேவை நீடிப்புக் கிடைத்தால்தான் அடுத்த வருடம் அவருக்குப் பள்ளிக்கூடம். மற்ற வகுப்புகளில் பிள்ளைகள் ஒரே குரலில் கத்திக்கொண்டிருக்க, இவர் ஒவ்வொரு பிள்ளையாகத் தன் மேசைக்குக் கூப்பிட்டு வாசிக்கவிட்டார். பாடப்புத்தகம் அவருக்கு மனப்பாடம். அதனால் புத்தகத்தைப் பார்க்கவில்லை, பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிழைத்த இடத்தில் மணிக்கட்டை மெல்லத் தொட்டார். பிள்ளை தானாகத் திருத்திக்கொண்டது. எனக்குப் புல்லரித்தது.

"ஏன் சேர் இப்பிடி ஒவ்வொருத்தராக் கூப்பிடுறீங்கள்?" என்று முன்னுக்குப் போய்க் கேட்டேன்.

"முகத்தைப் பாத்தாத்தானே பிள்ளை தெரியும், அதுக்கு விளங்கிச்சுதோ இல்லையோ எண்டு" என்று சிரித்தார்.

அந்த வசனத்தைக் கொப்பியில் எழுதி இரண்டு கோடு போட்டேன். அடுத்த பயிற்சி நாளையே அவருடைய முறையைச் சுற்றித் திட்டமிட்டேன். மாஸ்ரர் தன் பிள்ளைகள் சிலரோடு வந்து எல்லோருக்கும் முன்னால் ஒரு மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். "என்னை விடுங்கோ பிள்ளை, சபையில நிண்டு பழக்கமில்லை" என்றார். இரண்டாம் தரம் கேட்டபோதும் மாட்டேன் என்றார். அடக்கம் என்று நினைத்தேன். தலைமையாசிரியர் மூலம் கடிதம் அனுப்பி வரவைத்தேன். நான் பிடித்தால் பிடித்ததுதான்.

மாதிரிப் பாடத்துக்குப் பிறகு பார்த்தவர்கள் விமர்சிக்க வேண்டும். வாய்திறந்து ஒருவரும் சொல்லமாட்டார்கள், நாளைக்கு ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்க வேண்டுமே. அதற்கும் நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். ஆளுக்கு ஒரு துண்டுக் கடதாசி, நினைத்ததை அதில் எழுதித் தரலாம். பெயர் எழுதத் தேவையில்லை. நான் முன்கூட்டிப் பார்க்காமல் எல்லோருக்கும் முன்னால் வாசிப்பேன், ஒன்றையும் ஒளிக்கவில்லை என்று காட்டுவதற்காக. இந்த ஏற்பாட்டில் எனக்கு அவ்வளவு பெருமை.

அந்தச் சனிக்கிழமை வட்டாரக் கல்வி அதிகாரியும் வந்து பின்வரிசை வாங்கில் இருந்தார். பாடம் அருமையாகப் போனது. மாஸ்ரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றார். நான் துண்டுகளை வாசித்தேன். நல்ல பாடம். பிள்ளைகளில் அன்பு. நேரம் போதாது. நாலாவது துண்டை விரித்துத் தலையைக் குனிந்தபடி வாசித்தேன்.

"மிஸ், மாஸ்ரருக்குக் காது கேக்கிறேல்லை. பின்னுக்கிருந்து ஒருத்தரும் கேள்வி கேக்காமப் பாத்துக்கொள்ளுங்கோ."

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. "இது உங்களுக்கு மட்டும்."

நான் குனிந்திருந்ததால் மாஸ்ரருக்கு என் வாய் தெரியவில்லை. அவர் அதே சிரிப்போடு நின்றார். பிறகு எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, பிழை ஏதும் எழுதியிருக்கினமோ?"

நான் நிமிர்ந்தேன். "இல்லை சேர். எல்லாரும் நல்லா எழுதியிருக்கினம்."

அவர் சபையைப் பார்த்துக் கும்பிட்டார். பின்வரிசையில் அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார்.

எழுதியது அவருடைய பள்ளிக்கூடத்தில் அடுத்த வகுப்பைப் படிப்பித்த பாக்கியம் ரீச்சர். தேநீர் நேரம் என்னிடம் வந்தா. இரண்டாம் உலக யுத்த காலத்தில் துறைமுகத்தில் ஜப்பான்காரனின் குண்டு விழுந்தபோது மாஸ்ரருக்கு ஒரு காது போனது, மற்றதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது என்று சொன்னா. கடல் இரைச்சலில் அங்கே எல்லோருமே உரத்துக் கதைப்பதால் வெளியாட்களுக்குத் தெரியவில்லை. "உங்களுக்கு மட்டும் எண்டுதானே மிஸ் எழுதினனான்" என்றா. ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

அதிகாரியிடம் போய் மன்றாடினேன். "கேள்விப்பட்ட பிறகு கேள்விப்படாத மாதிரி இருக்க ஏலாது மிஸ்" என்றார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். அந்த வருடம் மாஸ்ரருக்கு நீடிப்புக் கிடைக்கவில்லை. காரணமும் எழுதவில்லை.

ஒரு நாள் மாஸ்ரர் கந்தோருக்கு வந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சேட்டு. கதிரையின் நுனியில் இருந்தார்.

"என்னத்துக்கு நிப்பாட்டினவை எண்டு விளங்கேல்லை பிள்ளை. நான் என்ன பிழை விட்டனான்? அண்டைக்கு எல்லாரும் நல்லா எழுதினவை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அதை ஒரு கடிதமா எழுதித் தர ஏலுமோ? கொழும்புக்கு அனுப்பிப் பாப்பம்."

"ஓம் சேர்" என்றேன். முகத்தை நிமிர்த்தி, மெல்ல, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். இதைவிட நல்ல ஆசிரியரை நான் காணவில்லை என்று ஒரு பக்கம் முழுக்க ரைப் அடித்துக் கொடுத்தேன். எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் நின்றபடி இரண்டு தரம் வாசித்து, மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு போனார். கொழும்பிலிருந்து பதில் வரவில்லை.

நாலு வருடத்தில் மாஸ்ரர் காலமானார். செத்தவீட்டில் அவருடைய மனைவி என் கையைப் பிடித்து அறைக்குள்ளே கூட்டிப்போனா. என் கடிதம் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்கியது. "இதைத்தான் வாறவை போறவைக்கெல்லாம் காட்டுவார்" என்றா. என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை.

இப்போது அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. அங்கே படித்த பிள்ளைகள் எங்கெங்கோ சிதறிவிட்டார்கள். அந்த அதிகாரி இல்லை, பாக்கியம் ரீச்சரும் போய்விட்டா. மாஸ்ரரின் முறை என் கொப்பியிலிருந்து பயிற்சிக் கையேட்டுக்குப் போய்ச் சில வருடம் இருந்தது, அவர் பெயர் அதில் இல்லை. பிறகு அந்தக் கையேடும் கைவிடப்பட்டது. மாஸ்ரர் அன்றைக்கு என்னிடம் கேட்டது காரணம். அது என்னிடம் இருந்தது. நான் பாராட்டை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.